மேப்பிள் மரத்தடி அஸ்டர்

ஸ்காபரோ,
செப்டம்பர் 19

அன்புள்ள மங்கைக்கு,

மெல்பேர்ணில் நீரும் நிரோஷினியும் மருமகனும், எல்லாருக்கும் மேலாக வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பேரனும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். எனக்கும் சுகத்தில் குறைவில்லை.

தினமும் போனில் கதைக்கிற மனிசன் எதற்காக முத்திரை தேடிக்கொண்டு போகிறார் என்று யோசிப்பீர். போனில் கதைக்கும்போது உம்முடைய ஒரு கையில் பிள்ளை இருக்கிறது. பக்கத்தில் மகள் நிற்கிறாள். "சரி, வேற என்ன?" என்று நீர் கேட்டவுடன் எனக்கு வேறு ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது. கடிதத்தில் அப்படி ஒருவரும் இடையில் கேட்கமாட்டார்கள்.

முதலில் வீட்டுப் புதினம். சுடுதண்ணீர் டாங்கியைத் திருத்தியாகிவிட்டது. நீர் சமைத்து உறையவைத்துவிட்டுப் போன குழம்புகள் முடிந்துவிட்டன. இப்போது நானே சமைக்கிறேன். பருப்பு ஓரளவு சரியாக வருகிறது. புட்டு கல்லாகிறது. பிரஷர் குளிசை ஒழுங்காகப் போடுகிறேன், அதைப்பற்றி நீர் யோசிக்கத் தேவையில்லை.

இனி உம்முடைய பூக்கதை. பின்வளவில், மேப்பிள் மரத்துக்குக் கீழே, நான் எத்தனை தரம் விதைத்தும் புல்லு முளைக்காத அந்த நிழல் மூலையில் நீர் நட்டுவிட்டுப் போனீரே, அவை பூத்துவிட்டன. நான் களை என்று சொன்ன அதே செடிகள்தான். ஊதா என்றும் சொல்லமுடியாது, நீலம் என்றும் சொல்லமுடியாது, அப்படி ஒரு நிறம். சட்டைப் பொத்தான் அளவில் கொத்துக் கொத்தாகப் பூக்கள். வளவில் மற்றதெல்லாம் வாடிப்போகிற நேரம் இது மட்டும் இப்போதுதான் நித்திரையால் எழும்பின மாதிரி நிற்கிறது. உடனே படமெடுத்து உமக்கு அனுப்பினேன். என் பெருவிரலும் படத்தில் விழுந்துவிட்டது, உண்மைதான். நீர் பதிலுக்கு ஒரு பெருவிரல் படம் அனுப்பினீர். அவ்வளவுதான்.

அடுத்த நாள் கதவு மணி அடித்தது. திறந்தால் தொப்பி போட்ட ஒரு மனிதர். "வணக்கம் சார், நான் ராகவன். மங்கை மேடம் சொல்லியிருப்பாங்களே. வுட் அஸ்டர் எப்படிப் பூத்திருக்குன்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க" என்றார். நான் களை என்ற செடிக்கு அதுதான் பெயராம். மேடம் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நீர் சனிக்கிழமைகளில் பள்ளத்தாக்குக் காட்டுக்குச் செடி நடப் போகிற கூட்டத்தில் ஒரு இந்தியத் தமிழர் இருக்கிறார் என்று எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அவர் இவ்வளவு உயரம் என்று நீர் சொல்லவில்லை. இந்த வயதிலும் தலைமயிர் முழுவதையும் வைத்திருக்கிறார் என்றும் சொல்லவில்லை.

கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். மண்ணில் முழங்காலை ஊன்றி இருந்துவிட்டார். "அடி இலையைப் பாருங்க சார், அப்படியே இதயம் மாதிரி" என்றார். இதயம் எந்த வடிவம் என்று எனக்கும் தெரியும் என்று சொன்னேன். பிறகு பூவின் நடுப்பகுதியைக் காட்டினார். மஞ்சளாக இருந்தால் தேனீக்கு அங்கே வேலை இருக்கிறதாம். வேலை முடிந்துவிட்டால் சிவந்துபோகுமாம், தேனீயும் அதைப் பார்த்துவிட்டு மற்றப் பூவுக்குப் போய்விடுமாம். "இதெல்லாம் மங்கை மேடம்தான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க" என்றார். எனக்கு நீர் சொல்லித்தந்ததில்லை. நான் கேட்டிருக்கமாட்டேன் என்று நீர் சொல்லலாம். சொல்லிப் பார்த்திருக்கலாமே.

அவர் எடுத்த படத்தில் பெருவிரல் இல்லை. தேனீயின் கால்மயிர் கூடத் தெரிந்தது. உமக்கு அனுப்பினார். நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிக்கமுதல் பதில் வந்துவிட்டது. பெருவிரல் அல்ல, குரல் பதிவு. அந்த மனிதர் ஒரு கள்ளமும் இல்லாமல் எனக்குப் பக்கத்திலேயே அதைப் போட்டார். "ஐயோ ராகவன் சார், எவ்வளவு வடிவா பூத்திருக்கு!" என்று சொல்லிவிட்டு நீர் சிரிக்கிறீர். மங்கை, அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். தலையைப் பின்னுக்குச் சரித்துச் சிரிக்கிற சிரிப்பு. என் வீட்டில், என் கதிரையில் இருந்துகொண்டு அதை இன்னொரு மனிதனுடைய போனில் கேட்டேன்.

அவர் போனபின் புல்லு வெட்டுகிற மெஷினை எடுத்துக்கொண்டு அந்த மூலை வரைக்கும் போனேன். பிறகு திருப்பிக்கொண்டுவந்து வைத்துவிட்டேன். ஒன்றும் வெட்டவில்லை. ஒரு பூவும் விழவில்லை. சொல்லவேண்டும் போல இருந்தது, சொல்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் கேட்கிறேன். மங்கையற்கரசி என்ற பெயரை மங்கை என்று சுருக்கினவன் நான். உம்முடைய அம்மா கூட 'அரசி' என்றுதான் கூப்பிட்டவ. இந்த ராகவனுக்கு யார் அந்தப் பெயரைக் கொடுத்தது?

பிள்ளைக்கு என் முத்தங்கள். மெல்பேர்ணில் இப்போது குளிர் என்று கேள்வி. காதை மூடிக்கொண்டு படுத்துக்கொள்ளும்.

உம்முடைய,
பொன்னம்பலம்


ஸ்காபரோ,
ஒக்டோபர் 6

அன்புள்ள மங்கையற்கரசிக்கு,

எல்லாரும் நலமாயிருக்க இறைவன் துணை. முழுப்பெயரோடு தொடங்கியிருக்கிறேன் என்பதை நீர் கவனித்திருப்பீர். காரணம் கீழே வரும்.

சனிக்கிழமை நான் உம்முடைய காட்டுக்குப் போனேன். வேவு பார்க்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளும். மோர்னிங்சைட்டில் காரை விட்டுவிட்டுச் சரிவால் கீழே இறங்கினால், தெருச் சத்தம் நின்றுவிடுகிறது. எத்தனையோ வருடம் அந்தப் பள்ளத்தாக்குக்கு மேலே இருக்கிற பாலத்தால் மிசிசாகாவுக்கு வேலைக்குப் போய்வந்திருக்கிறேன், கீழே இப்படியொன்று இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை. மேப்பிள் இலையெல்லாம் பழுத்துக்கிடக்கிறது. அதற்குக் கீழே எங்கு பார்த்தாலும் உம்முடைய பூ. எங்கள் வளவில் இருப்பது ஒரு கைப்பிடி. அங்கே அது நிலத்தில் புகை படர்ந்த மாதிரி நீலமாய்க் கிடக்கிறது. வடிவுதான். கோபத்தோடு போனவனுக்கும் வடிவாகத்தான் தெரிந்தது.

கூட்டத்தை நடத்துகிற மொரீன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி கையைத் தந்தார். நான் மங்கையின் கணவன் என்று அறிமுகம் செய்துகொண்டேன். அந்தப் பெண்மணியின் முகம் போன போக்கை நீர் பார்த்திருக்கவேண்டும். மங்கைக்குக் கணவர் இருக்கிறாரா, அவர் ஒருநாளும் சொன்னதில்லையே என்றார். பக்கத்தில் நின்றவர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லாரும் என்னை அன்பாகத்தான் நடத்தினார்கள், குறை சொல்லமுடியாது. ஆனால் செத்துப்போய்த் திரும்பி வந்தவனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள். அங்கே வருகிற ஒவ்வொருவருக்கும் நீர் மங்கை. அவர்கள் வாயில் 'மேங்கே'. அதனால்தான் அந்தப் பெயரை அவர்களிடமே விட்டுவிட்டு, நான் முழுப்பெயருக்கு வந்துவிட்டேன்.

வேலை தந்தார்கள். மரத்தைச் சுற்றி நெரிக்கிற ஒரு கொடியை வேரோடு பிடுங்கவேண்டும், அந்த இடத்தில் அஸ்டர் நாற்று வைக்கவேண்டும். ராகவன் ஒன்று பிடுங்கினால் நான் இரண்டு பிடுங்கினேன். இடுப்பு இன்னும் நோகிறது. கை கிழிந்ததைக் கண்டு அவர் தன் காரிலிருந்து ஒரு சோடி கையுறை கொண்டுவந்து தந்தார். நாவல் நிறம், ஓரத்தில் சின்னப் பூ. "மேடத்தோடதுதான் சார், போன சீசன்ல விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார். நீர் வீடெல்லாம் தேடி, நான்தான் எங்கேயோ எறிந்துவிட்டேன் என்று என்னோடு சண்டை பிடித்த கையுறை.

இதெல்லாம் பரவாயில்லை. தேத்தண்ணி நேரத்தில் அவர் சொன்னதுதான் பெரிய விஷயம். "மேடம் மார்ச் வரைக்கும் அங்கதான் இருக்கப் போறாங்களே சார். அதனால விதை எடுக்கிறத இந்த வருஷம் நாமதான் பார்த்துக்கணும்" என்றார். நான் கோப்பையைக் கீழே வைத்தேன். ஓம், எனக்குத் தெரியும் என்று சொன்னேன். பொய் சொன்னேன். கட்டின மனிசி எப்போது வீட்டுக்கு வருவாள் என்பதை வேற்று மனிதன் சொல்லித்தான் கேட்கவேண்டியிருக்கிறது என்று அந்தக் காட்டுக்குள் நின்று எப்படிச் சொல்வது?

ஒக்டோபர் கடைசியில் வருவீர் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தீர். போன கிழமை கேட்டபோதும் "பாப்பம்" என்றீர். அந்தப் 'பாப்பம்' எனக்கு. மார்ச் அவருக்கு.

நிரோஷினிக்கு உதவி வேண்டும் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. அவள் என் மகளும்தான். பேரன் உம்முடைய நெஞ்சில்தான் நித்திரை கொள்கிறான் என்று அவள் படம் அனுப்பினாள். கொடுத்துவைத்தவன். அவனோடு எனக்கு வழக்கில்லை. ராகவனோடும் வழக்கில்லை என்று எழுதத்தான் தொடங்கினேன், பேனா ஒத்துவரவில்லை.

குளிர் வந்துவிட்டது. ஹீட்டரைப் போட்டுவிட்டேன். அலுமாரிக் கீழ்த்தட்டில் நீர் வைத்த தடிப்பான போர்வையை இன்னும் எடுக்கவில்லை. நீர் வந்து எடுப்பீர் என்று இருந்தேன்.

எல்லாருக்கும் என் அன்பு.

பொன்னம்பலம்


ஸ்காபரோ,
ஒக்டோபர் 27

அன்புள்ள மங்கைக்கு,

பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று கேட்டு மனம் ஆறியது. ஊசி போட்டால் அப்படித்தான், நிரோஷினிக்கும் வந்தது. அவள் பயப்படாமல் இருக்கட்டும்.

முதல் கடிதம் கிடைத்தது என்று போனில் சொன்னீர். வேறொன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் மருமகன் நின்றிருப்பார். இரண்டாவது கடிதம் இன்னும் வழியில் இருக்கும். அதில் கொஞ்சம் சூடாக எழுதியிருக்கிறேன். வந்தால் வாசியும், கிழிக்கவேண்டாம். அதிலுள்ளதும் உண்மைதான். ஆனால் இதையும் சேர்த்து வாசியும்.

ராகவனுடைய கால் முறிந்த சனிக்கிழமை என்ன நடந்தது என்று உமக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்கிறேன்.

அன்று நான் போனை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். காலையில் வழமை போல நீர் போன் அடிப்பீர், காட்டுச் சத்தம் கேட்டால் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பீர், அதற்கு மறுமொழி சொல்ல எனக்கு மனமில்லை. மார்ச் மாதம் நெஞ்சுக்குள் கிடந்து உருண்டுகொண்டிருந்தது. ராகவனிடம் இன்று நேரே கேட்டுவிடுவது என்றுதான் போனேன். என் மனிசியோடு உமக்கு அப்படி என்ன கதை என்று கேட்க, வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டு போனேன்.

கேட்க முடியவில்லை. முதல்நாள் மழை. ஆற்றங்கரைச் சரிவில் எனக்கு முன்னால் இறங்கின மனிதர் ஈர இலையில் சறுக்கி விழுந்தார். நான் கிட்டப் போகும்போது முகம் வெளிறிப்போய்க் கிடந்தார். பாதம் இருக்கவேண்டிய பக்கத்தில் இல்லை. மொரீனும் நானும் இரண்டு பக்கமும் தாங்கித்தான் மேலே ஏற்றினோம். அந்த உயரமான மனிதருடைய பாரம் முழுக்க என் தோளில். ஒவ்வொரு அடிக்கும் "சாரி சார், சாரி சார்" என்றார். வாயை மூடிக்கொண்டு வாரும் என்று சொன்னேன். என் காரில்தான் எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனேன். அவருக்கு இங்கே ஒருவருமில்லை. மகன் சியாட்டிலில். மனைவி சீதா காலமாகிவிட்டார், அது எனக்கு அன்றுதான் தெரியும். உமக்கு முதலே தெரிந்திருக்கும்.

எக்ஸ்ரேக்குப் போகும்போது போனையும் கண்ணாடியையும் என் கையில் தந்துவிட்டுப் போனார். நான் கதிரையில் இருந்தேன். போன் அதிர்ந்தது. பார்த்தேன். 'மங்கை மேடம்' என்று இருந்தது. உம்முடைய படம், காட்டில் எடுத்தது, தொப்பியோடு. நான் பார்த்திராத படம்.

அங்கே அப்போது சாமம் கடந்த நேரம். அந்த நேரத்தில் என் மனிசி இன்னொரு மனிதருக்குப் போன் எடுக்கிறாள். மங்கை, நான் எடுக்கவில்லை. அடித்து நின்றது. திரும்பவும் அடித்தது. திரும்பவும் எடுக்கவில்லை. கையில் வைத்திருந்த போன் நெருப்பு மாதிரி இருந்தது. அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரும்போது மூன்றாம் முறையும் அடித்தது. அவர் கையில் கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

நீர் உரக்கக் கதைக்கிறவர். எனக்கு எல்லாம் கேட்டது. "ராகவன் சார், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அவர் அங்கத்தைக் காலமை தொடக்கம் போன் எடுக்கிறார் இல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு. அவருக்குப் பிரஷர். ஒருக்கா வீட்டை போய்க் கதவைத் தட்டிப் பாப்பியளோ? திறக்காட்டிப் பின்பக்கத்தாலை போய்ப் பாருங்கோ" என்று சொன்னீர். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உம்முடைய குரல் உடைந்தது. பிறகு அழுதீர். பிள்ளையும் அழுதது.

ராகவன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மேடம், சார் என் பக்கத்துலதான் இருக்கார். நல்லாத்தான் இருக்கார். எனக்குத்தான் கால் போச்சு" என்றார். போனை என்னிடம் நீட்டினார். நான் "ஹலோ" என்றதும் நீர் பேசின பேச்சு உமக்குத் தெரியும். அதை நான் திருப்பி எழுதவில்லை. கலியாணம் செய்த காலத்திலிருந்து இவ்வளவு பேச்சு நான் வாங்கினதில்லை. அந்த நேரம் எனக்கு அது போதாமல் இருந்தது. இன்னும் பேசமாட்டீரா என்று இருந்தது.

பிறகு கட்டுப் போடுகிறவருக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். நோவுக்கு மருந்து கொடுத்திருந்தார்கள், அவருக்கு வாய் கொஞ்சம் திறந்துகொண்டது. நான் வழியில் தயார் செய்த வசனங்களில் ஒன்றும் வரவில்லை. மங்கை காட்டில் என்னைப்பற்றி ஒருநாளும் கதைக்கவில்லையாமே என்று மட்டும் கேட்டேன். அவர் சிரித்தார். "பேர் சொல்ல மாட்டாங்க சார். வேலை முடிஞ்சதும் எல்லாரும் காபிக்குப் போவோம். மேடம் மட்டும் வர மாட்டாங்க. 'மை பீப்பிள் ஆர் வெயிட்டிங்'னு சொல்லிட்டு ஓடிடுவாங்க. வீட்ல பத்துப் பேர் இருப்பாங்கன்னு மொரீன் நினைச்சிட்டிருந்தாங்க" என்றார்.

வீட்டிலை ஆக்கள் பார்த்துக்கொண்டிருப்பினம் என்று நீர் எங்கள் பேச்சில் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறீர். அந்த ஆக்கள் நான் ஒருவன்தான்.

இன்னொன்றும் சொன்னார். அதை எழுதாமல் விட்டுவிடலாமோ என்று யோசித்தேன். எழுதுகிறேன். "சீதா போனதுக்கப்புறம், சாப்பிட்டீங்களான்னு என்னைக் கேக்கிற ஒரே ஆள் உங்க மிஸஸ்தான் சார். அந்த மெசேஜுக்காகக் காத்திருப்பேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். நான் தப்பாகத்தான் எடுத்தேன். எடுத்துவிட்டு அந்த மனிதருடைய வீங்கின காலைப் பார்த்தேன், பேப்பர்ச் சட்டைக்குள் அவர் குளிரில் நடுங்குவதைப் பார்த்தேன். என் ஜக்கெட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டேன். அதற்குமேல் என்ன செய்வது? அந்தக் கேள்வியை என்னையும் நீர் ஒருவர்தானே கேட்கிறீர். அது இல்லாவிட்டால் நான் எப்படி இருப்பேன் என்று எனக்கு இந்த மாதங்களில் கொஞ்சம் தெரியும்.

இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவருடைய அப்பார்ட்மென்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன். என் புட்டை அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். பொய்க்காரர். சாப்பிட்டீரா என்று இனி நான் கேட்டுக்கொள்கிறேன், நீர் சிரமப்படவேண்டாம். கேட்டாலும் ஒரு கட்டைச் செய்தியாகக் கேளும். குரல் பதிவு வேண்டாம்.

அவர் நடக்கமுடியாதபடியால் விதை எடுக்கிற வேலை என் தலையில். எங்கள் வளவிலும் காட்டிலும் நான்தான் எடுத்தேன். பூ கருகிப் பஞ்சு மாதிரி வந்தபின், காய்ந்த நாளாகப் பார்த்து, கொத்தைக் காகிதப் பைக்குள் விட்டு உதறவேண்டும். ஊதினால் பறந்துவிடும் அளவு பாரம்தான். மொரீன் எனக்குச் சொல்லித்தந்தார், மொரீனுக்கு நீர் சொல்லித்தந்ததாம். விதைத்தபின் அதற்குப் பனி வேண்டுமாம். ஒரு மாரிகாலம் முழுவதும் உறைந்து கிடந்தால்தான் முளைக்குமாம். மேப்பிள் மரத்தடியில் மிச்ச இடத்திலும் தூவிவிட்டேன். புல்லு அங்கே இனி வேண்டாம்.

மார்ச் கதையை நேற்றுப் போனில் கேட்டேன். "முடிவெடுக்கேல்லை. விதை வேலைக்காகத்தான் அவருக்குச் சொன்னனான். உங்களுக்குச் சொன்னா, மகளுக்காக அங்கையே நில்லும் எண்டு உடனை சொல்லிப்போடுவியள். அதை உங்கட வாயாலை கேக்க எனக்கு விருப்பமில்லை" என்று சொன்னீர். சொல்லிவிட்டுப் பிள்ளை அழுகிறான் என்று வைத்துவிட்டீர். பின்னால் பிள்ளை அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை, மங்கை.

அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத இருந்தேன்.

நிரோஷினி எங்களுக்கு ஒரே பிள்ளை. அவளுக்கு எவ்வளவு காலம் உம்முடைய கை வேண்டுமென்று நீரும் அவளும்தான் பேசி முடிவெடுக்கவேண்டும். பேரன் பல்லு முளைத்து, தவழ்ந்து, எழும்பி நின்று, நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். நில்லும் என்று இந்தக் கடிதத்தில் ஒரு இடத்திலும் நான் எழுதவில்லை. அதைக் கவனித்து வாசியும்.

வருகிற நாள் எதுவானாலும் முதலில் எனக்குச் சொல்லும். எயார்போட்டுக்கு நான் தனியாகத்தான் வருவேன். ராகவனுடைய கால் இன்னும் சரியில்லை.

உம்முடைய ஆக்கள்,
பொன்னம்பலம்